செம்பனை நாரை எரித்து ஆலை எடுக்கும் கரண்டு உண்மையிலேயே சுத்தமா? கூட்டத்தில் என்ன கேட்பது?

பாரிட்_ஓரம் எழுதியது:

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம், தோட்டத்தை ஒட்டிய தாமான், அதாவது குடியிருப்பு, எங்களுடையது. பக்கத்தில் மணிக்கு 45 டன் குலை அரைக்கும் செம்பனை ஆலை. தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் செம்பனைக் கழிவிலிருந்தே எடுப்பதாகவும், அது பசுமை மின்சாரம் என்றும் ஆலை வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். இப்போது கழிவுநீர் வாயுவில் ஓடும் பயோகேஸ் எஞ்சின் போட்டு மிச்ச மின்சாரத்தைத் தெனாகா மின்நிறுவனத்துக்கு விற்கப் போகிறார்களாம். அதற்காகக் குடியிருப்போர் சங்கத்தை ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள்.

காலையில் துணி காயப்போடும் கம்பியில் கரி படிந்திருக்கிறது. பாரிட்டில், அதாவது வடிகாலில், தண்ணீர் பழுப்பாக ஓடுகிறது. புளித்த வாடை வேறு. இதெல்லாம் "பசுமை" கணக்கில் எங்கே வருகிறது? எதைக் கேட்டால் நேரான பதில் கிடைக்கும்? விஷயம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

நீராவி_20பார் எழுதியது:

தம்பி, முதலில் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு டன் குலை உள்ளே போனால் 200 கிலோ சொச்சம் எண்ணெய், 130–140 கிலோ நார், 60 கிலோ அளவுக்குக் கொட்டை ஓடு, பழம் உதிர்ந்த வெற்றுக் குலை 220–230 கிலோ வெளியே வரும். நாரும் ஓடும் பாய்லருக்குப் போகும். 20 பார் அழுத்தத்தில் கிளம்பும் நீராவி டர்பைனைச் சுற்றிவிட்டு 3 பாரில் வெளியே வந்து குலையை அவிக்கப் போய்ச்சேரும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. டன் குலைக்கு 17–20 யூனிட் மின்சாரமும் அரை டன் நீராவியும் செலவாகும். இதற்கு நாரே பெரும்பாலும் போதும், ஓடு மிஞ்சும். இதுவரை ஆலை சொல்வதில் பொய் இல்லை.

உங்கள் துணிக்கம்பிக் கரிக்குக் காரணம் பாய்லர் ஓட்டும் விதம். பிழிந்த நாரில் 35–40% ஈரம் இருக்கும். குலை அவிக்கும் கலங்கள் இரண்டு மூன்றை ஒரே சமயத்தில் திறந்தால் நீராவி அழுத்தம் சட்டென்று இறங்கும். அதைப் பிடிக்க எரிபொருளை அள்ளித் தள்ளுவார்கள், காற்று ஈடுகொடுக்காது, பாதி வெந்த கரி புகைபோக்கி வழியாகப் போகும். கலங்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டுத் திறந்தாலே கறுப்புப் புகை பெரிதும் அடங்கும். இதற்குப் புது மெஷின் வேண்டாம், ஷிப்ட் ஒழுங்கு போதும்.

அடுத்தது தூசி பிடிக்கும் கருவி. பழைய ஆலைகளில் மல்டிசைக்ளோன் மட்டும்தான் இருக்கும். அது பெரிய துகளைப் பிடிக்கும், நுண்துகளை விட்டுவிடும். 2014 தூய காற்று ஒழுங்குமுறைப்படி புகையின் கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் தூசிதான் வரம்பு. மல்டிசைக்ளோனை மட்டும் வைத்து அதைத் தொடுவது கடினம். நிலைமின் வடிகட்டி, அதாவது ஈ.எஸ்.பி., அல்லது பைவடிகட்டி வேண்டும். "ஈ.எஸ்.பி. இருக்கிறதா" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். போன மாதம் பாய்லர் ஓடிய மணி எத்தனை, அதில் ஈ.எஸ்.பி. ஓடிய மணி எத்தனை என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கம்பியில் படிந்தது.

குளக்கரை எழுதியது:

அண்ணன் சொன்னது புகைபோக்கிக் கதை. பெரிய செலவு குளத்தில் கிடக்கிறது, அதை யாரும் போர்டில் எழுதுவதில்லை.

டன் குலைக்கு 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். 45 டன் ஆலை 20 மணி நேரம் ஓடினால் 900 டன் குலை, 585 கன மீட்டர் கழிவுநீர். ஆலையை விட்டு வரும்போது சூடு 80–90 டிகிரி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4 முதல் 4.5, பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில். வீட்டுச் சாக்கடையைவிடச் சுமார் 100 மடங்கு. இதைக் காற்றில்லாத ஆழக் குளத்தில் விட்டால் கிருமிகள் தின்று மீத்தேனாக மாற்றும். குளம் கொதிப்பதுபோல் குமிழி விடும், பார்த்திருப்பீர்கள். அந்தக் குமிழிதான் இது.

கணக்குப் போடுங்கள். மூடிய கலத்தில் ஒரு கன மீட்டர் கழிவுநீர் சுமார் 28 கன மீட்டர் வாயு தரும், அதில் 60% மீத்தேன். ஒரு நாளைக்கு 9,800 கன மீட்டர் மீத்தேன், எடையில் 7 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும். ஆக நாளுக்கு 190 டன் கரியமில வாயுவுக்குச் சமம். திறந்த குளத்தில் அத்தனையும் வராது, பாதி என்றே வைப்போம்: 95 டன்.

இனி மின்சாரப் பக்கம். 900 டன் குலைக்கு 18 யூனிட் வீதம் 16,200 யூனிட். அதைத் தெனாகாவிடம் வாங்கியிருந்தால், தீபகற்ப மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ வீதம் 12 டன். 12 டன்னை மிச்சம் பிடித்துவிட்டுப் பக்கத்துக் குளத்தில் 95 டன்னை விடுகிற இடத்தில் "பசுமை மின்சாரம்" என்று எழுதுவது ஊரை ஏய்ப்பது.

நீராவி_20பார் எழுதியது:

குளக்கரை, நீங்கள் நீராவியைக் கணக்கில் எடுக்கவில்லை. நார் எரிவது மின்சாரத்துக்கு மட்டும் இல்லை. 900 டன் குலைக்கு 450 டன் நீராவி. அதை டீசலில் எடுத்தால் டன்னுக்கு 70 லிட்டருக்குக் குறையாது. 31,500 லிட்டர், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 85 டன் கரியமில வாயு. மின்சாரத்தையும் சேர்த்தால் ஆலை மிச்சம் பிடிப்பது 97 டன். நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா?

குளக்கரை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே, அதையும் சேர்த்துப் பேசுவதுதான் முறை. ஆனால் பாருங்கள், 97-ஐ 95 தின்றுவிட்டது. பாய்லர் செய்த நல்லதெல்லாம் குளத்தில் கரைந்தது. நான் எடுத்த பாதி என்பதும் குறைத்துப் போட்ட கணக்குத்தான்.

இன்னொன்று. அந்தத் தோட்டம் கரிமண் நிலத்தில், அதாவது முழுதும் மட்காத தழை படிந்த தானா காம்புட்டில் இருந்தால், வடிகால் வெட்டிக் காயவிட்ட மண்ணே மட்கிக் கரியமில வாயுவாகும். ஐ.நா. காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. போட்டிருக்கும் அளவு, செம்பனை நட்ட கரிமண்ணில் எக்டருக்கு ஆண்டுக்கு 11 டன் கார்பன், கரியமில வாயுவாகச் சொன்னால் 40 டன். நார் எரிப்பதில் கார்பன் இல்லை என்று சொல்வோர் நார் எந்த மண்ணில் விளைந்தது என்பதைச் சொல்வதில்லை.

பாரிட்_ஓரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பயோகேஸ் எஞ்சின் வந்தால் குளத்துச் சிக்கல் தீர்ந்துவிடுமா? நாங்கள் ஆதரிக்கலாமா?

மூடிய_குளம் எழுதியது:

ஆதரியுங்கள். ஆனால் நிபந்தனையோடு. குளத்தைப் பிளாஸ்டிக் மூடியால் மூடி, எழும் வாயுவைப் பிடித்து எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் இந்தத் திட்டம். 2014 ஜனவரி 1 முதல் புது ஆலைகளுக்கும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளுக்கும் மீத்தேன் பிடிப்பது கட்டாயம். பழைய ஆலை தானாக முன்வந்து போடுவது நல்லதுதான். மேலே சொன்ன 9,800 கன மீட்டரிலிருந்து ஒரு நாளைக்கு 37,000 யூனிட், அதாவது 1.5 மெகாவாட் எஞ்சின் ஓடும். தெனாகா பக்கம் 28 டன் குறையும், குளத்து வாயுவும் நிற்கும்.

எங்கே கெடும் என்பதைச் சொல்கிறேன்.

கழிவுநீரை 80 டிகிரியில் அப்படியே உள்ளே விட்டால் கிருமி செத்துவிடும். குளிர்விக்கும் குளத்தில் 40 டிகிரிக்கு இறக்கி, வெளியேறும் தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பிக் கலந்து பி.எச்.சை 7 பக்கம் ஏற்ற வேண்டும். உச்சப் பருவத்தில் குலை குவியும்போது ஆலை கூடுதலாக ஓடும். குளம் அதே குளம். அப்போது அமிலம் ஏறி மீத்தேன் படுத்துவிடும், வாடையும் கிளம்பும். எண்ணெய் பிரிக்கும் தொட்டியை ஒழுங்காக வழிக்காவிட்டால் எண்ணெய் மிதந்து பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் தடித்த ஏடாகக் கட்டும், வாயுக் குழாயை அடைக்கும். அடியில் வண்டல் படிந்து குளத்தின் கொள்ளளவைத் தின்னும். 30–60 நாள் தங்க வேண்டிய தண்ணீர் பாதி நாளில் வெளியே வந்துவிடும். "கடைசியாக எப்போது வண்டல் எடுத்தீர்கள், எடுத்ததை எங்கே போட்டீர்கள்" என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு 1,000–3,000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு, வரை இருக்கும். அதை, வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பரில் 200-க்குக் கீழே இறக்காமல் எஞ்சினுக்கு விட்டால் எஞ்சின் எண்ணெய் அமிலமாகி பேரிங் அரிக்கும். மாற்றிய எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்று அரசு பட்டியலிட்ட அபாயக் கழிவு. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. ஆள் பாதுகாப்புக்கும் இது முக்கியம்: ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை வாடை 100 பி.பி.எம். தாண்டினால் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். வாடை நின்றுவிட்டது என்று மூடி ஓரம் பிள்ளைகள் மீன் பிடிக்கப் போனால் உயிருக்கு ஆபத்து. வேலி எங்கே வரும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஃபிளேர், அந்த எரிகொம்பு. நம் பக்கம் சாயங்கால இடி மழை தெரியும். 11,000 வோல்ட் லைன் இடியில் விழுந்தால் எஞ்சின் உடனே கழன்றுகொள்ள வேண்டும், அதுதான் விதி. ஆனால் குளம் வாயு விடுவதை நிறுத்தாது. ஃபிளேர் தானாகப் பற்ற வேண்டும். பற்றாவிட்டால் மூடி உப்பி, நிவாரண வால்வு திறந்து, எரியாத மீத்தேன் காற்றில் போகும். அதனால் மூன்றைக் கேளுங்கள். ஃபிளேர் உச்ச வாயு முழுவதையும் எரிக்கும் அளவா, பாதி அளவா? பற்றவைக்கும் பொறிக்கு பேட்டரி உண்டா, அல்லது லைன் விழுந்தால் அதுவும் விழுமா? வால்வு திறந்த நேரத்தைப் பதிவு செய்யும் மீட்டர் இருக்கிறதா? மொத்த வாயுவில் 5% கசிந்தாலே நாளுக்கு 10 டன் கணக்கு. விற்கும் மின்சாரம் குறைக்கும் 28 டன்னில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

சின்னதாக ஒன்று. மின்சாரத்தை லைனில் சேர்க்க வைக்கும் சுவிட்ச்கியர் பெட்டியில் சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயு இருக்கலாம். ஒரு கிலோ கசிந்தால் 24 டன் கரியமில வாயுவுக்குச் சமம். வெற்றிட வகையும் கிடைக்கிறது, எதைப் போடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

வெற்றுக்குலை எழுதியது:

யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். "மிச்சக் கழிவு எல்லாவற்றையும் மின்சாரமாக்குவோம்" என்று கூட்டத்தில் சொன்னால் உஷாராக இருங்கள். வெற்றுக் குலை கழிவு இல்லை, உரம்.

ஒரு டன் வெற்றுக் குலையில் 7 கிலோ யூரியா, 2.8 கிலோ பாறை பாஸ்பேட், 19.3 கிலோ எம்.ஓ.பி., 4.4 கிலோ கீசரைட் என்ற மெக்னீசிய உரம் அளவுக்குச் சத்து இருக்கிறது. எம்.ஓ.பி. என்பது பொட்டாஷ், நம் நாட்டில் தோண்டி எடுப்பதில்லை, கப்பலில்தான் வருகிறது. குலையை எரித்தால் தழைச்சத்து காற்றோடு போகும். மண்ணுக்குப் போக வேண்டிய மட்கும் போகும். அந்தப் பொட்டாஷ்தான் பாய்லர் குழாயில் உருகி ஒட்டிக் கட்டியாகி உபத்திரவம் செய்யும். 65% ஈரத்தோடு வரும் குலையை அழுத்திப் பிழிந்து 45%-க்குக் கொண்டுவரவே தனியாக மின்சாரம் செலவு.

வயலில் போடுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எக்டருக்கு ஆண்டுக்கு 40 டன் அளவில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். லோரி கொட்டிய குவியலை அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், கடி ஈயும் பெருகும். ஈ தாமானுக்குத்தான் வரும்.

கொட்டை ஓட்டின் கதை வேறு. ஜப்பானின் பயோமாஸ் மின்நிலையங்கள் செம்பனை ஓட்டுக்கு நல்ல விலை கொடுக்கின்றன. அங்கே அது சுத்த எரிபொருளாகப் பதிவாகும். இங்கே ஆலை நன்றாக எரியும் காய்ந்த ஓட்டை விற்றுவிட்டு ஈர நாரைப் பாய்லரில் திணித்தால் புகை நமக்கு. வருடத்துக்கு எத்தனை டன் ஓடு விற்கிறீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

லைன்_மேல் எழுதியது:

ஆலையை மட்டும் குறை சொல்லி நம் வீட்டு மீட்டரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நம் மாநிலத்திலேயே மஞ்சோங்கில் நிலக்கரி நிலையம் இருக்கிறது. 2015-இல் ஓடத் தொடங்கிய நான்காவது அலகு மட்டும் 1,010 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரைக் கிலோவுக்கு நெருங்கிய நிலக்கரி எரியும், பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. கலிமந்தானில் தோண்டி முடித்த பள்ளங்கள் அமிலத் தண்ணீர் நிரம்பித் திறந்தே கிடக்கின்றன. சமாரிண்டா பக்கம் பிள்ளைகள் அவற்றில் விழுந்து இறந்திருக்கிறார்கள். நம் பில்லில் அந்தப் பள்ளத்துக்கு ஒரு சென் கூட இல்லை.

நீர்மின்சாரம் சுத்தம் என்போருக்கும் ஒரு வார்த்தை. கேமரன் மலையின் தெலோம், பெர்தாம் ஆறுகள் பகாங் பக்கம் ஓட வேண்டியவை. குகைப்பாதை வெட்டி பேராக் பக்கம் பத்தாங் பாடாங் ஆற்றுக்குத் திருப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். ரிங்லெட் நீர்த்தேக்கம் காய்கறித் தோட்டங்களிலிருந்து இறங்கும் மண்ணால் தூர்ந்து, இடையறாமல் தூர்வார வேண்டியிருக்கிறது. தேக்கும் இடம் சுருங்கினால் மழையில் அவசரமாகத் திறக்க வேண்டும். 2013 அக்டோபரில் அப்படித் திறந்த தண்ணீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோனது. சரவாக்கின் பாக்குன் அணைக்காக 10,000 பேர் அளவில் சுங்கை அசாப்புக்குப் பெயர்க்கப்பட்டார்கள்.

ஐ.பி.சி.சி. 2014 நடுக் கணக்கில் யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு: நிலக்கரியில் 820 கிராம், எரிவாயுவில் 490, கூரை சோலாரில் 41, நீர்மின்னில் 24. இந்த எண்களில் பெர்தாமும் சுங்கை அசாப்பும் வராது. கிராம் கணக்கு ஒரு கணக்கு, ஊர்க் கணக்கு வேறு.

பாரிட்_ஓரம் எழுதியது:

கோயில் மண்டபக் கூரையில் சோலார் போட்டுத் தரச் சொல்லி ஆலையிடம் கேட்கலாம் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். பழைய தோட்டத்து மண்டபம். இதிலும் மறைந்த செலவு உண்டா?

கூரை_பார் எழுதியது:

முதலில் கூரை என்ன ஓடு என்று பாருங்கள். பழைய தோட்டத்து மண்டபமும் லயன் வீடுகளும் பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டு அலைத்தகடு. சாம்பல் நிறம், பாசி பிடித்திருக்கும், உடைந்த விளிம்பில் மெல்லிய நார் தெரியும். அதில் துளை போட்டால் நார்த்தூசி நுரையீரலுக்குப் போகும், நோய் 20, 30 ஆண்டு கழித்து வரும். அதன்மேல் சோலார் வேண்டவே வேண்டாம். தகட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, அறுக்காமல் உடைக்காமல் முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி எஸ்.டபிள்யூ. 201 கழிவாக அனுப்ப வேண்டும். குப்பை லோரியில் ஏற்றக் கூடாது. ஆலையிடம் கேட்பதானால் கூரை மாற்றுவதையும் சேர்த்துக் கேளுங்கள்.

புதுக் கூரையில் 550 வாட் பலகை 18 போட்டால் 10 கிலோவாட். எடை பலகைக்கு 27–28 கிலோ, மொத்தம் 500 கிலோ, சட்டத்தைச் சேர்க்காமல். பழைய மரச் சட்டம் தாங்குமா என்று பொறியாளர் பார்க்கட்டும். ஆண்டுக்கு 13,000 யூனிட் வரும். பலகை செய்யச் செலவான சக்தி ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். இன்வெர்ட்டர் 10–12 ஆண்டில் மாற்ற வேண்டிவரும். 25 ஆண்டு கழித்து ஈயப் பற்றாசு உள்ள அரை டன் மின்கழிவு சங்கத்தின் தலையில் விழும். யார் எடுத்துப்போவது என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

குளக்கரை எழுதியது:

கூட்டத்துக்கு முன்னால் பாரிட் தண்ணீரை நீங்களே சோதித்துக் கொண்டு போங்கள். கையில் அறிக்கை இருந்தால் பேச்சே வேறு.

பழுப்பு நிறத்தை மட்டும் காட்டி வாதாடாதீர்கள். கரிமண் வடிகாலில் தண்ணீர் இயற்கையாகவே தேநீர் நிறத்தில் ஓடும், ஆலை அதைத்தான் சொல்லும். 1977 செம்பனை ஆலை ஒழுங்குமுறையில் நிறத்துக்கு வரம்பே கிடையாது. வரம்பு இருப்பவை: பி.ஓ.டி. 100, மிதக்கும் திடப்பொருள் 400, எண்ணெய்க் கொழுப்பு 50, அம்மோனியா நைட்ரஜன் 150 (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்), பி.எச். 5–9, சூடு 45 டிகிரி. சில ஆலைகளுக்கு உரிமத்தில் பி.ஓ.டி. 20 என்றுகூடப் போட்டிருப்பார்கள், ஆகவே உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சுகிறோம் என்றால் பி.ஓ.டி. வரம்பு 5,000. அந்த வாய்க்கால் மழையில் நிரம்பிப் பாரிட்டில் வழிகிறதா என்று நடந்து பாருங்கள், பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும்.

மாதிரி எடுக்கும் முறை: ஆலைத் தண்ணீர் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, நன்றாகக் கலந்த பிறகு 100 மீட்டர் கீழே ஒன்று. ஒரு லிட்டர் பாட்டிலைத் தண்ணீருக்கு அடியிலேயே நிரப்பிக் காற்று இல்லாமல் மூடுங்கள். எண்ணெய்க்குத் தனியாகக் கண்ணாடிப் பாட்டில். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொடுங்கள், "30 டிகிரியில் 3 நாள் பி.ஓ.டி." என்று சொல்லிக் கொடுங்கள். இங்கே அதுதான் முறை. 5 நாள் கணக்கை ஆலை ஏற்காது. பாட்டில், எடுத்த இடம், நேரம் மூன்றும் தெரிய ஒரு படம் பிடித்து வையுங்கள்.

உங்கள் பக்கம் கடல் ஏற்றம் பாரிட் வரை வரும். ஏற்றத்தில் தண்ணீர் மடைப் பக்கமிருந்து பின்னோக்கி ஏறி ஆலைத் தண்ணீரை மேலே தள்ளிவிடும், மேலே எடுத்த பாட்டிலும் கெட்டுவிடும், அறிக்கையில் வித்தியாசம் தெரியாது. இறக்கம் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து, மடைக்கதவு திறந்து தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும்போது எடுங்கள்.